நாளைய மழையே உறுதியில்லை என்றால், 2100-ஆம் ஆண்டின் வெப்பநிலையை எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "நாளை மறுநாள் மழை பெய்யுமா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, 2100-ல் பூமி எவ்வளவு சூடாகும் என்று சொல்வதை எப்படி நம்புவது? எல்லாம் கணினியில் போடும் கணக்குதானே?"

நியாயமான சந்தேகம். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வானிலையைச் சொல்ல முடியாதபோது காலநிலையை எப்படிச் சொல்வது என்பது ஒன்று. கணினியை எடுத்துவிட்டால் இந்த அறிவியலில் என்ன மிஞ்சும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சில வரிகள் போதும். இரண்டாவதுக்குத்தான் இந்த நீண்ட பதில்.

அடுப்பில் வைத்த நீரில் அடுத்த குமிழி எந்த மூலையில் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீ எவ்வளவு, நீர் எவ்வளவு என்று தெரிந்தால் எத்தனை நிமிடத்தில் கொதிக்கும் என்று சொல்லிவிடலாம். வானிலை குமிழி மாதிரி. இன்றைய காற்றின் நிலையை அளப்பதில் நேரும் மிகச் சிறிய பிழைகூட நாளாக நாளாகப் பெருகி, இரண்டு வாரத்துக்குள் கணிப்பையே விழுங்கிவிடும். அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-ல் இதைக் கணிதமாகவே காட்டினார். காலநிலை அப்படியல்ல. குறிப்பிட்ட ஒரு நாளில் என்ன நடக்கும் என்று அதில் யாரும் கேட்பதில்லை. பூமிக்கு வரும் வெப்பம் எவ்வளவு, வெளியேறும் வெப்பம் எவ்வளவு, மிச்சம் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறோம். அது ஒரு வரவு செலவுக் கணக்கு.

அந்தக் கணக்கின் முதல் பக்கத்துக்குக் கணினியே வேண்டாம். சூரியனை நோக்கிப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில், பூமியின் தொலைவில், சுமார் 1361 வாட் விழுகிறது. பூமி உருண்டையாக இருப்பதாலும் பாதி எப்போதும் இரவாக இருப்பதாலும் சராசரி அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 340 வாட். அதில் ஏறக்குறைய 100 வாட்டை மேகமும் பனியும் மணலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 வாட்டைப் பூமி உள்வாங்கி, அதே அளவை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்ப வேண்டும். 240 வாட் அனுப்புவதற்கு ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் போதும். ஆனால் பூமியின் தரை சராசரியாக 15 டிகிரி அளவில் இருக்கிறது. இந்த 33 டிகிரி வித்தியாசத்தைக் காற்றுதான் தருகிறது. காற்று வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1820-களிலேயே ஊகித்துவிட்டார்.

காற்றில் எது அதைச் செய்கிறது? அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி 1856-ல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது. இந்த வாயு காற்றில் அதிகமாக இருந்த ஒரு காலம் இருந்திருந்தால், அப்போது பூமி இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். மூன்று வருடம் கழித்து லண்டனில் ஜான் டிண்டால் இன்னும் துல்லியமான கருவியால் அளந்தார். காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகின்றன. பிடித்து வைப்பது நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்ற கொஞ்சம்போல் இருக்கும் வாயுக்கள். 1896-ல் ஸ்வீடனின் அரீனியஸ், நிலவிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அமெரிக்க வானியலாளர் லாங்லி அளந்து வைத்திருந்த எண்களை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருடம் கையால் கணக்குப் போட்டார். கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் 5 முதல் 6 டிகிரி கூடும் என்று விடை வந்தது. இன்றைய மதிப்பீட்டைவிட அதிகம்தான். ஆனால் பென்சிலும் தாளும் கொண்டு அவ்வளவு நெருங்கியிருக்கிறார்.

இங்கே ஒரு எதிர்ப்பு எழுந்தது. இன்றும் பலர் அதையே கேட்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1900-ல் க்னூட் ஆங்ஸ்ட்ராம் என்ற இயற்பியலாளர் சொன்னது இது: கார்பன் டை ஆக்சைடு தனக்குரிய அலைநீளங்களை ஏற்கெனவே முழுசாக விழுங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் என்ன ஆகிவிடும்? கறுப்பு வண்ணம் அடித்த ஜன்னலுக்கு இரண்டாவது பூச்சு எதற்கு என்பது போன்ற வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகள் பெரும்பாலான விஞ்ஞானிகளும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

தவறு எங்கே இருந்தது என்றால், காற்றை ஒரே கண்ணாடித் தகடாக நினைத்ததில். காற்று பல கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காக நிற்கிறது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் ஒரு அடுக்கில் விழுங்கப்படும், அந்த அடுக்கு மறுபடி உமிழும், அடுத்த அடுக்கு விழுங்கும். இப்படியே மேலே மேலே போய், இனி தடுக்க ஆளில்லை என்கிற அளவுக்குக் காற்று மெலியும் உயரத்திலிருந்துதான் அது விண்வெளிக்குத் தப்பிக்கிறது. அந்த உயரம் சராசரியாக 5 கிலோமீட்டர். வாயுவைக் கூட்டினால் அந்த உயரம் இன்னும் மேலே போகும். மேலே போகப் போகக் குளிர். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி அளவில் குறையும். குளிர்ந்த அடுக்கு குறைவாகவே உமிழும். ஆக வரவு 240 அப்படியே இருக்க, செலவு குறைகிறது. கணக்கு மறுபடி சரியாகும்வரை கீழே எல்லாமே சூடாக வேண்டும். நான் இந்த அறிவியலுக்குள் உண்மையில் நுழைந்தது இந்த இடம் புரிந்த அன்றுதான். தரைக்குப் பக்கத்தில் காற்று எவ்வளவு 'நிரம்பி' இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. மேலே மெலிந்த காற்றில் என்ன நடக்கிறது என்பதுதான் எல்லாம்.

இது வெறும் வாதம் இல்லை, அளந்து பார்த்த விஷயம். 1970-ல் நிம்பஸ் 4 செயற்கைக்கோள் பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரை அலைநீளம் அலைநீளமாகப் பதிவு செய்தது. 1997-ல் ஜப்பானின் ஒரு செயற்கைக்கோளும் அதையே செய்தது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2001-ல் வெளியானது. கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் விழுங்கும் அதே அலைநீளங்களில், வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. அப்புறம் தரையில் கருவி வைத்து மேலிருந்து கீழே வரும் கதிரை 2000 முதல் 2010 வரை அளந்தார்கள். கார்பன் டை ஆக்சைடால் மட்டும் பத்தாண்டுக்குச் சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியிருந்தது. இதில் எங்குமே எதிர்காலத்தைக் கணிக்கும் கணினி மாதிரி, அதாவது காற்றையும் கடலையும் சமன்பாடுகளாக எழுதி ஓட்டும் நிரல், வரவில்லை. இரண்டு முனையிலும் அளவீடு.

சரி, அந்த வாயு கூடுகிறது என்று எப்படித் தெரியும்? அது நம்மால்தான் கூடுகிறது என்று யார் சொன்னது? சார்ல்ஸ் டேவிட் கீலிங், 1958 மார்ச்சில், ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அளக்கத் தொடங்கினார். முதல் எண் பத்து லட்சத்துக்கு 313 பங்கு. சில மாதங்களிலேயே அந்தக் கோடு ஏறி இறங்குவதைக் கண்டார். வட அரைக்கோளத்தின் காடுகளும் புல்வெளிகளும் கோடையில் உள்ளிழுத்துக் குளிர்காலத்தில் வெளிவிடுகின்றன. பூமி முழுவதும் மூச்சு விடுவதை ஒரு மனிதர் முதல் முறையாகத் தாளில் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு வருட மூச்சும் போன வருடத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் தொடங்கியது. 1964-ல் பணம் நிறுத்தப்பட்டுச் சில மாதங்கள் பதிவு அறுந்தது. அந்த இடைவெளி இன்றும் வரைபடத்தில் தெரிகிறது. அதற்குப் பிறகு அவர் தன் வாழ்நாள் முழுக்க நிதிக்காகப் போராட வேண்டியிருந்தது. இன்று அந்த எண் 420-ஐத் தாண்டிவிட்டது.

அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் கார்பனே சாட்சி சொல்லும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தவை, அவற்றில் கதிரியக்கக் கார்பன் 14 துளியும் மிஞ்சியிருக்காது. பழைய தாவரங்களிலிருந்து வந்தவை என்பதால் கார்பன் 13-ம் சற்றுக் குறைவு. காற்றில் இந்த இரண்டின் விகிதமும் எதிர்பார்த்தபடியே குறைந்து வந்திருக்கிறது. எரிந்தால் ஆக்சிஜன் குறைய வேண்டுமே என்று கேட்டு, கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அதையும் அளந்தார். குறைகிறது. எரிமலை உமிழ்ந்ததாகவோ கடல் வெளிவிட்டதாகவோ இருந்தால் இந்த எல்லா அடையாளங்களும் ஒரே திசையைக் காட்டாது.

இதுவரை சொன்னது கார்பன் டை ஆக்சைடு மட்டும் தனியாகச் செய்யும் வேலை. அது இரண்டு மடங்கானால் வெறும் கதிர்வீச்சுக் கணக்கில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் சூடேறும். சிக்கல் அதற்குப் பிறகு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. பனி உருகினால் வெண்மை போய்க் கறுத்த கடல்நீர் வெளிப்படும், அது இன்னும் வெயிலை விழுங்கும். இதில் நீராவியின் பங்கைச் சேர்த்து முதலில் முறையாகக் கணக்கிட்டவர்கள் ச்யுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும். 1967-ல் அவர்கள் பயன்படுத்தியது தரையிலிருந்து மேலே போகும் ஒற்றைக் காற்றுத் தூண், அவ்வளவுதான். விடை: இரண்டு மடங்குக்குச் சுமார் 2.3 டிகிரி.

அதே ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு கணிப்பும் இருந்தது. தரையும் தாழ்ந்த காற்றும் சூடாகும்போது, அதற்கு மேலே உயரத்தில் இருக்கும் அடுக்கு மண்டலம் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) குளிர வேண்டும். சூரியன் பிரகாசமாகி அதனால் பூமி சூடானால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகும். ஆகவே இது ஒரு கைரேகை. 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் அடுக்கு மண்டலம் குளிர்ந்திருக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் ஓசோன் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஓசோன் பங்கைப் பிரித்துவிட்டுப் பார்த்தாலும் மேல்பகுதியின் குளிர்ச்சிக்குக் கார்பன் டை ஆக்சைடு தேவைப்படுகிறது. மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர் விட்ட தடத்தை இயற்கையின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்தறியும் கணிதத்தைத் தந்த கிளாஸ் ஹாசல்மனும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாதிரிகளை எப்படிச் சோதிப்பது என்று நீங்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது பினாடுபோ. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் அந்த எரிமலை வெடித்து, ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் சல்ஃபர் டை ஆக்சைடை அடுக்கு மண்டலத்துக்குள் வீசியது. அங்கே அது நுண்துளிகளாகி வெயிலை மறைத்தது. யாரும் திட்டமிட முடியாத சோதனை இது. நாசாவின் காலநிலை அறிஞர் ஜேம்ஸ் ஹான்சனின் குழு முந்திக்கொண்டு தங்கள் மாதிரியை ஓட்டி, 1992-ன் பிற்பகுதிக்குள் உலகச் சராசரி அரை டிகிரி அளவுக்கு இறங்கும், பிறகு சில வருடங்களில் மீளும் என்று எழுதி வெளியிட்டது. நடந்ததும் ஏறக்குறைய அதுவே. இதைவிட எனக்குப் பிடித்தது பத்து வருடம் கழித்து வந்த தொடர்ச்சி. மாதிரிக்குள் நீராவியின் பின்விளைவை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். அப்போது குளிர்ச்சி போதாமல் போனது. நீராவியைச் சேர்த்தால்தான் உண்மையோடு பொருந்தியது. நீராவி நிஜமாகவே அந்த வேலையைச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டுமா?

இனி மிச்சக் கணக்கு. செலவு குறைந்து மிஞ்சும் வெப்பம் எங்காவது இருக்க வேண்டும். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் கடலுக்குள் போகிறது. நாம் தினமும் பேசும் காற்றின் வெப்பநிலை இந்தக் கணக்கில் மிகச் சின்ன வரி. அதனால்தான் ஒரு வருடம் சற்றுக் குளிராக இருந்துவிட்டால் 'சூடாவது நின்றுவிட்டது' என்று சொல்வது தவறாகிறது; வெப்பம் அந்த வருடம் கடலுக்குள் கூடுதலாக இறங்கியிருக்கும். கடலை அளக்க ஆர்கோ என்ற மிதவைகள் இருக்கின்றன. சுமார் 4,000. ஒவ்வொன்றும் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பத்து நாள் மிதந்து திரிந்து, இரண்டாயிரம் மீட்டர் வரை முங்கி, மேலே வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேற்பரப்பில் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி முங்கும்.

இன்னொரு பக்கம், விண்வெளியில் இருக்கும் கருவிகள் பூமிக்குள் வரும் கதிரையும் வெளியேறும் கதிரையும் நேரடியாக அளக்கின்றன. உண்மையைச் சொன்னால், 240-ல் ஒரு வாட் வித்தியாசத்தைத் தனியாகச் சொல்லும் அளவுக்கு அந்தக் கருவிகளின் அடிப்படைத் துல்லியம் போதாது. மொத்த அளவுக்குக் கடல் அளவீட்டின் துணை வேண்டும். ஆனால் வருடத்துக்கு வருடம் மாறுவதை அவை நன்றாகக் காட்டும். 2005 முதல் 2019 வரை விண்வெளிக் கருவிகள் காட்டிய மாற்றத்தையும் மிதவைகள் காட்டிய மாற்றத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒத்துப்போயின. மிச்சம் அந்தக் காலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சதுர மீட்டருக்கு ஒரு வாட் அளவுக்கு வந்திருந்தது. ஒரு வாட் சின்னதாகத் தோன்றும். பூமியின் பரப்பு முழுவதற்கும் பெருக்கினால், உலக மக்கள் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் ஆற்றலைப்போல் இருபது மடங்குக்கும் மேல்.

அளவீடுகளைத் 'திருத்துகிறார்கள்' என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வருகிறது. ஆமாம், திருத்துகிறார்கள், திருத்தாமல் விடுவதுதான் பிழை. ஒரு காலத்தில் மாலுமிகள் துணி வாளியில் கடல்நீரை மொண்டு வெப்பமானி வைத்தார்கள். மேலே இழுத்து வருவதற்குள் ஈரத்துணியில் காற்றுப் பட்டு நீர் குளிர்ந்துவிடும். பிறகு எஞ்சின் குளிர்விக்க இழுக்கும் நீரை அளந்தார்கள். அது எஞ்சின் அறையின் சூட்டில் சற்று அதிகம் காட்டும். இரண்டையும் அப்படியே ஒட்டினால் கடல் திடீரென்று சூடானதாகத் தெரியும். இதைத் திருத்தும்போது பழைய எண்கள் உயர்கின்றன, அதனால் நூற்றாண்டின் மொத்த வெப்ப ஏற்றம் குறைகிறது. உலகம் முழுவதுக்குமான திருத்தங்களை எல்லாம் கூட்டினாலும் விளைவு அதே திசைதான்.

பிழை மறுபக்கமும் இருந்தது. 1990-களில் ஒரு செயற்கைக்கோள் பதிவு, தாழ்ந்த காற்று சூடாகவே இல்லை என்று காட்டியது. மாதிரிகள் தவறு என்று பலர் சொன்னார்கள். 1998-ல் வேறொரு குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: செயற்கைக்கோள்கள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன, அது கணக்கில் வரவில்லை. 2005-ல் இன்னொன்று: அவை ஒரே இடத்தைக் கடக்கும் நேரம் நகர்ந்ததற்கான திருத்தமே தவறான குறியோடு போடப்பட்டிருந்தது. சரிசெய்தபின் அந்தப் பதிவும் சூடாவதையே காட்டியது.

பழங்காலத்துக்கும் சாட்சி உண்டு. அண்டார்டிகாவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு எடுத்த பனி உருளைகளில் அந்தந்தக் காலத்துக் காற்று குமிழியாக அடைபட்டிருக்கிறது. எட்டு லட்சம் வருடம் பின்னால் போய்ப் பார்த்தாலும் கார்பன் டை ஆக்சைடு 180-க்கும் 300-க்கும் இடையில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. பனியுகங்களைத் தொடங்கி முடித்து வைத்தது பூமியின் சுற்றுப்பாதையில் வரும் மெதுவான மாற்றங்கள். வாயு அதைப் பெரிதாக்கியது. 'அப்போது வெப்பம்தானே முதலில் ஏறியது, வாயு பிறகுதானே ஏறியது' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வாயு ஒரே நேரத்தில் விளைவாகவும் காரணமாகவும் இருக்க முடியும்.

இப்போது 2100. அந்த ஆண்டுக்கு ஒற்றை எண் யாரும் தருவதில்லை. மனிதர்கள் எவ்வளவு எரிப்பார்கள் என்பது இயற்பியல் சொல்லும் விஷயமில்லை. அதனால் 'இப்படி எரித்தால் இவ்வளவு' என்றுதான் சொல்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உமிழ்வை மிக வேகமாகக் குறைத்தால் நூற்றாண்டின் கடைசியில் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.4 டிகிரி, மிக அதிகமாக உமிழ்ந்தால் சுமார் 4.4 டிகிரி. இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி நம் கையில் இருப்பது.

மீதி நிச்சயமின்மை மேகத்தில் இருக்கிறது. கடலுக்கு மேல் தாழ்வாகப் படரும் மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும். உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகங்கள் வெப்பத்தைப் பிடித்துச் சூடாக்கும். பூமி சூடாகும்போது எது கூடும், எது குறையும்? மாதிரிகள் பூமியைச் சுமார் நூறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரு மேகம் சில நூறு மீட்டர்தான் இருக்கும். கட்டத்துக்குள் மேகத்தைத் தோராயமாகத்தான் எழுத முடியும். 1979-ல் ஜூல் சார்னி தலைமையிலான குழு, வாயு இரண்டு மடங்கானால் 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. அந்த வரம்பு குறுகுவதற்கு நாற்பது வருடம் ஆயிற்று. 2021-ல் அது 2.5 முதல் 4, நடுவில் 3. கீழ் எல்லை உயர்ந்ததுதான் என்னைக் கவலைப்படுத்தும் செய்தி. மேகங்கள் நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு இடம் சுருங்கியிருக்கிறது.

2023-லும் 2024-லும் வெப்பநிலை எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று ஏறியது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் 2024-ன் சராசரி ஏற்றம் 1.5 டிகிரியைத் தாண்டியது. பசிபிக் கடலின் மேற்பரப்பு சில வருடங்களுக்கு ஒருமுறை தானாகச் சூடாகும் எல் நினோ ஒரு காரணம். 2020-ல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டதும் ஒரு காரணமாக விவாதிக்கப்படுகிறது, ஏனென்றால் அந்தக் கந்தகத் துகள்கள் கடல் மேகங்களை வெளுப்பாக்கி வைத்திருந்தன. தாழ் மேகங்கள் குறைந்தது சூடாவதாலேயே வந்த பின்விளைவா, துகள் குறைந்ததால் வந்ததா, வெறும் ஏற்ற இறக்கமா என்பதில் பங்கு பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோள் இதற்காகவே போனது. லேசரும் ரேடாரும் கொண்டு மேகத்தை மேலிருந்து கீழ்வரை அறுத்துப் பார்த்து, அதே மேகம் எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது, எவ்வளவு வெப்பத்தைப் பிடிக்கிறது என்பதையும் ஒரே கடப்பில் அளக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வியில் இன்னும் திறந்திருக்கும் பகுதிக்கு விடை அங்கிருந்துதான் வர வேண்டும்.